ஹார்மனின் வலது கண்

உட்ரெக்ட், 2 மார்ச் 1981

அண்ணா,

பார்சலைப் பிரித்ததும் முதலில் மோந்து பார். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. ஏழு வருஷமாக என்னதான் செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, இதுதான். முழுவதையும் நீ படிக்கப்போவதில்லை என்பது தெரியும். நான்காம் அத்தியாயத்தை மட்டும் புரட்டு. அதில் வரும் வரைபடம் எல்லாமே உன் வலது கண். படத்தில் பெயர் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை, ஓரெழுத்து மட்டும்தான். உன் பெயர் முழுசாக நன்றிப் பக்கத்தில் இருக்கிறது.

ரென்ஸ்கே அண்ணி கேட்டால் நீ விளக்கத் திணறுவாய், அதனால் எழுதிவிடுகிறேன். கண்ணுக்குள் கொஞ்சம் வெளிச்சம் அனுப்புகிறோம். அது உள்ளே பின்சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. போகும்போதும் வரும்போதும் அங்கே இருக்கும் நிறமி அதில் ஒரு பங்கைக் குடித்துவிடும். பிறகு கண் கூசும் வெளிச்சத்தைக் காட்டி நிறமியை வெளுக்கவைத்துவிட்டு மறுபடி அளந்தால், திரும்பி வருவது கூடியிருக்கும். அந்தக் கூடுதல்தான் கணக்கு. மற்றவர்கள் கண்ணின் நடுவில் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று இரண்டு நிறமிகள் கலந்து கிடக்கும், பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். உனக்குச் சிவப்புக்கானது இல்லவே இல்லை. அதனால் பச்சையைத் தனியாக அளக்க முடிந்தது. இந்தத் துறையில் உன் கண்ணுக்கு என்ன மதிப்பு தெரியுமா? பெர்லினிலிருந்துகூட ஒருவர் உன்னைக் கடன் கேட்டார்.

முதல் நாள் ஞாபகமிருக்கிறதா? மெழுகுக் கட்டையைக் கடித்துக்கொண்டு தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாய். "செவப்புப் புள்ளி தெரியுதா, அதையே பாரு"ன்னு சொன்னேன். கட்டையைத் துப்பிவிட்டு "எந்தப் புள்ளிடி?" என்றாய். நான் பல்பு போய்விட்டதென்று நினைத்து, போய்ப் புது பல்பு வாங்கி வந்து மாட்டினேன். பச்சைப் புள்ளி வைக்கவேண்டும் என்று எனக்கு உறைக்கச் சாயங்காலம் ஆயிற்று.

வாய்மொழித் தேர்வு ஏப்ரல் 24. எனக்கு இரு பக்கமும் கறுப்பு வால்கோட்டு போட்டு இரண்டு பேர் துணை நிற்கவேண்டும். ஒரு பக்கம் என் தோழி மிராண்டா. இன்னொரு பக்கம் நீ. மாட்டேன் என்று சொல்லாதே.

ஆய்வேட்டுக்குள் ஒரு தனித் தாள் செருகியிருக்கும், பார். அதில் இருக்கும் கூற்றுகள் எல்லாவற்றையும் நான் தேர்வில் காப்பாற்றியாகவேண்டும். கடைசிக் கூற்று மட்டும் விளையாட்டாக இருக்கவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். என்னுடையது பதினோராவது: "கண்ணில் சிவப்பு நிறமி அறவே இல்லாத ஒருவர், பக்கத்தில் மனைவி இருந்தால், ரைன் நதியில் இரவும் பகலும் கப்பல் ஓட்டலாம்."

சிரித்தாயா என்று எழுது.

ஃபெம்கே


"கிரீத்யே" கப்பல், ராட்டர்டாம், 9 மார்ச்

அடி ஃபெம்கே,

சிரித்தேன். கப்பலில் என்னோடு வேலை பார்க்கும் லுப்பர்ட்டுக்கும் படித்துக் காட்டினேன். அவனுக்கு இரண்டாம் முறைதான் புரிந்தது, ஆனால் புரிந்த பிறகு நிறுத்தவே இல்லை. வழியில் லோபித்தில் இறங்கி ரென்ஸ்கேயிடம் கொடுத்தேன். அவள் அந்தத் தாளை அடுப்புக்கு மேலே குத்திவிட்டாள். "என்னைப் பத்தி அச்சுல வந்தது இது ஒண்ணுதான். பன்னெண்டு வருசமா நான்தான் கண்ணுன்னு இப்பவாவது ஒருத்தி எழுதினாளே" என்றாள்.

நான்காம் அத்தியாயத்தையும் பார்த்தேன். என் கண்ணாம், ஏதோ மணல்மேடு மாதிரி ஒரு கோடு. அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பு. கண்ணைக் கொடுத்தவள் அவள்தானே.

கோட்டு வாடகைக்கு எடுத்துவிடுகிறேன். என் அகலத்துக்கு வால்கோட்டு கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

ரென்ஸ்கே ஏன் லோபித்தில் என்று கேட்பாய். எங்கள் பெண் நின்கேவுக்கு ஆறு வயசாகிவிட்டது. பள்ளிக்கூடம் போவதற்குக் கப்பல்காரர் பிள்ளைகள் விடுதியில் சேர்க்கவேண்டும். நீயும் நானும் இருந்த அதே மாதிரி விடுதி. போய்ப் பார்த்தோம். அந்த வரிசைக் கட்டில்களையும் கொக்கியில் தொங்கும் துண்டுகளையும் பார்த்ததும் ரென்ஸ்கே திரும்பி நடந்துவிட்டாள். கயிற்றுக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை பிடித்தாள். ஜனவரியிலிருந்து அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் ஆறு. நான் கடக்கும்போதெல்லாம் சங்கு ஊதுகிறேன், நின்கே துண்டை ஆட்டுகிறாள்.

ரைனில் கப்பல் ஓட்ட ரென்ஸ்கே வாங்கிய உரிமம் கப்பலில்தான் கிடக்கிறது, கரண்டிகளுக்கு அடியில். கல்யாணமான மறுவருஷம் எழுதி, என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கினாளே, அதேதான். கரண்டி எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து முறைக்கிறது.

ஹார்மன்


உட்ரெக்ட், 13 மார்ச்

அண்ணா,

உன் கடிதத்தின் நடுப்பகுதியை மூன்று தரம் படித்தேன். அப்படியானால் ஜனவரியிலிருந்து இருட்டின பிறகு எந்த விளக்கு என்ன நிறம் என்று உனக்குச் சொல்வது யார்? லுப்பர்ட்டா? சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான் என்று நீதானே சொல்வாய்.

இதுவரை உனக்கு நேராகச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். சிவப்பும் பச்சையும் உனக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன, அவ்வளவுதான் என்று நம் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாம் படத்தைப் பார். ஆழ்ந்த சிவப்பு வெளிச்சத்தை உன் கண் பிடிப்பதே இல்லை. பிடிக்க அங்கே ஆள் இல்லை. நிறம் மாறித் தெரிவது வேறு, விளக்கே மங்கிப்போவது வேறு. கிட்டே வந்தால் உனக்குத் தெரியும். எட்டத்தில் இருக்கும்போது, மற்றவனுக்குத் தெரிகிற தூரத்தில், உனக்கு அது இருட்டுதான். அண்ணி பக்கத்தில் இருந்தவரை இது வேடிக்கை. இப்போது இல்லை.

அண்ணி திரும்பி வரும்வரை சூரியன் இறங்குவதற்குள் கரையில் கட்டிவிடு. இதை மட்டும் செய்.

ஃபெம்கே

பி.கு. கூற்றுத் தாளை எல்லோரும் செய்வதுபோலப் பத்திரிகைகளுக்கும் அனுப்பியிருந்தேன். கப்பல்காரர் வார இதழ் ஒன்று பதினோராவதை எடுத்துப் போட்டிருக்கிறதாம். உன் பெயர் இல்லை.


ராட்டர்டாம், 25 மார்ச்

ஃபெம்கே,

பெயர் இல்லையா? சரி, கேள்.

திங்கட்கிழமை, கப்பல்களுக்குச் சரக்குப் பிரித்துக்கொடுக்கும் சரக்குக் கூடத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கப்பல்களின் வரிசை எழுதும் பலகைக்குப் பக்கத்தில் அந்த இதழின் துண்டைக் குத்திவைத்திருந்தார்கள். கீழே உன் பெயர், அப்பா பெயரோடு. இந்த ஆற்றில் அந்தக் குடும்பப் பெயரில் எத்தனை கப்பல் ஓடுகிறது? ஒன்று. பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சி எத்தனை பேருக்கு? அதுவும் ஒருத்தனுக்குத்தான்.

முதலில் இன்னொரு கப்பல்காரன், கெரிட், ஆரம்பித்தான். "ஹார்மன், என் சட்டை என்ன கலரு, சொல்லு பாப்போம்."

"அழுக்குக் கலரு"ன்னேன். கூடமே சிரித்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னால் இருந்து ஒருத்தன், "பொண்டாட்டிய எங்கப்பா காணோம்? அப்ப இப்ப கண்ண எங்க வச்சிட்டு வந்த?" என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ரென்ஸ்கே கரையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். டூயிஸ்பர்க்குக்கு மணல் என்று கூப்பிட்டார்கள், நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று கப்பல் உரிமங்களைப் பார்க்கும் ஆய்வாளரிடமிருந்து தாள் வந்துவிட்டது. ஏப்ரல் 29 கண் சோதனை. முன்பு போல நிறப் புள்ளிகளுக்குள் எண் தேடும் புத்தகம் இல்லை, அதன் எண்களை அப்பா எனக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருந்தார். இது விளக்குச் சோதனையாம். இருட்டறையில் எட்டத்தில் விளக்கு எரியும், நான் நிறம் சொல்லவேண்டும். தோற்றால் உரிமம் போய்விடும். உரிமம் போனால் கப்பல் போய்விடும். கப்பல் போனால் நான் என்ன செய்வேன் என்று நீயே யோசி, நீதான் யோசிக்கிறவள்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நீ எழுதிய கூற்று. சோதனைக்கு ஐந்து நாள் முன்னால் உன் தேர்வு. எழுந்து நின்று அதைக் காப்பாற்று. உன் இயந்திரத்தையும் கோடுகளையும் வைத்து, இப்படிப்பட்ட கண்ணோடும் ஓட்டலாம் என்று சொல். தொப்பி போட்ட பேராசிரியர்கள் தலையாட்டினால் அதை எழுதி வாங்கிக்கொண்டு நான் ஆய்வாளரிடம் போகிறேன். அவரும் படித்தவர்தான், மதிப்பார்.

கோட்டுக்கு வேறு ஆள் பார்.

ஹார்மன்


உட்ரெக்ட், 31 மார்ச்

அண்ணா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தத் தாளை அனுப்பியிருக்கக் கூடாது. அனுப்பும்போது எனக்கு வேடிக்கை மட்டும்தான் கண்ணில் பட்டது. மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ கோபப்படுவாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ கேட்பதைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியவில்லை. கூற்றைத் திரும்பப் பெறலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். தாள் எல்லோர் கைக்கும் போய்விட்டது, இனி வழியில்லை என்றார். தேர்வுக் குழுவில் ஓல்தஹோஃப் என்று ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்மரப் படகு விடுகிறவர். நடையில் என்னைப் பார்த்ததும் "பதினோராவதுக்கு நல்லா தயார் பண்ணிட்டு வாங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டால் நான் பதில் சொல்லியாகவேண்டும். கூற்று பொய் என்று காட்டுவதே அந்த ஐந்தாம் படம்தான். அதை வரைந்தவள் நான்.

போன வாரம் மிராண்டாவை இயந்திரத்தில் உட்காரவைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது, சரி என்று நானும் கட்டையைக் கடித்தேன். என் கண்ணில் சிவப்பு நிறமி மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. ரொம்பக் குறைவு இல்லை. அம்மா எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறாள். உன்னைத் தனியாக விடவில்லை என்று சொல்ல வந்தேன், அது ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை.

நீ என் இயந்திரத்தை நம்பவேண்டாம். நீயே ஒன்று செய்து பார். ஒருநாள் சாயங்காலம், நங்கூரம் போடும் நேரத்துக்குச் சற்று முன்னால், லுப்பர்ட்டை விழிக்கவைத்துப் பக்கத்தில் நிறுத்து. தூரத்தில் சிவப்பு விளக்கு அவனுக்குத் தெரிந்ததும் அவன் சொல்லட்டும். உனக்குத் தெரிந்ததும் நீ சொல். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் எனக்கு எழுது.

ஃபெம்கே


டூயிஸ்பர்க், 7 ஏப்ரல்

ஃபெம்கே,

உன் குரங்காட்டத்துக்கு நான் வரவில்லை.

நான் எப்படி ஓட்டுகிறேன் என்று உனக்குத் தெரியுமா? சிவப்பு மிதவை தலை தட்டையாக இருக்கும், பச்சை கூம்பாக இருக்கும், நிறமே வேண்டாம். எதிரே வரும் கப்பலில் எந்த விளக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்பது பிறந்த குழந்தைக்குத் தெரியும். ராடார் இருக்கிறது. இந்த ஆற்றின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். இதெல்லாம் உன் பெட்டிக்குள் இல்லை. பெட்டிக்குள் இருப்பது ஒரு கண்ணும் ஒரு பல்பும்.

நாலு குளிர்காலம், சரக்கு இல்லாத நாளில் எல்லாம் ரயிலேறி வந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டாய், அன்று முழுக்க வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் தடுமாறினேன். இருட்டில் உட்காரவைத்தாய், உட்கார்ந்தேன். மெழுகைக் கடி என்றாய், கடித்தேன். அசையாதே என்றாய், மூக்கு அரித்தபோதுகூட அசையவில்லை. எனக்காக ஒரு தரம் நீ அசையாமல் நில் என்கிறேன். அது முடியவில்லை.

ரென்ஸ்கேயும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "மொதல்ல சிரிச்சது யாரு? கெரிட் சொன்னதும்தான ஒங்களுக்கு ரோசம் வந்துச்சு?" என்கிறாள். அடுப்புக்கு மேலிருந்து தாளை எடு என்றேன். எடுக்கவில்லை.

காப்பாற்றுகிறாயா இல்லையா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

ஹார்மன்


உட்ரெக்ட், 14 ஏப்ரல்

அண்ணா,

உண்மையாக எவ்வளவு காப்பாற்ற முடியுமோ அவ்வளவு காப்பாற்றுவேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். நீ கேட்டது இதுவல்ல என்று தெரியும்.

என் இடது பக்கத்துக்கு வேறு யாரையும் தேடவில்லை. நீ வராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும்.

ஃபெம்கே


உட்ரெக்ட், 25 ஏப்ரல்

அண்ணா,

நேற்று தேர்வு முடிந்தது. யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

காலையில் நடையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிராண்டா என் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள், எனக்கு எரிச்சலாக வந்தது. கதவு திறந்தது, ரென்ஸ்கே அண்ணி வந்தாள். கறுப்புப் பாவாடை, அவளுக்கு ரொம்பப் பெரிதாக ஒரு வால்கோட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். "ஒண்ணும் கேக்காத, எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு" என்றாள். நீ அனுப்பினாயா என்று கேட்டேன். "அவரு ஒண்ணும் சொல்லல" என்றாள்.

நான்காம் அத்தியாயத்தில் நிறையக் கேட்டார்கள், சமாளித்தேன். உன் மணல்மேட்டைப் பாராட்டினார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கோல்காரர் உள்ளே வந்து தரையில் கோலைத் தட்டி நேரமாயிற்று என்று சொல்லிவிட்டால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, தேர்வு அந்த இடத்தில் முடிந்துவிடும். நான் காதைக் கதவுப் பக்கமே வைத்திருந்தேன். அதற்குள் ஓல்தஹோஃப் மேஜையில் தாளை நகர்த்தினார்.

"பதினோராவது. துணை நிக்கிறவங்க வாசிக்கட்டுமே."

வழக்கப்படி அது இடது பக்கத்து ஆளின் வேலை. அண்ணி தாளை வாங்கி, சுக்கான் அறையிலிருந்து கரைக்குக் கத்துகிற குரலில் வாசித்தாள். மண்டபத்தில் சிரிப்பு. ஓல்தஹோஃபும் சிரித்தார், பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: "நானும் ஆத்துல போறவன். ராத்திரி எதிர்ல வர்ற கப்பல்ல இப்படி ஒரு கண்ணு இருந்தா, எனக்குத் தெரிஞ்சாகணும் இல்லையா? இதை நீங்க நெஜமாவே சொல்றீங்களா?"

அண்ணா, அப்போது உன்னை நினைத்தேன். உன் வலது கையை, சரக்குக் கூடத்தில் தூக்கிய அந்தக் கையை. ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு உட்காரலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கைதட்டுவார்கள். யாருக்கும் தெரியாது. எனக்கும் ஐந்தாம் படத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் சொன்னது இது: "சொல்றேன். எழுதினபடி அப்படியே சொல்றேன். பக்கத்துல மனைவி இருந்தா ஓட்டலாம். பன்னெண்டு வருசமா அப்படித்தான் ஓடுச்சு, ஒரு மோதல் இல்ல. அதுக்குச் சாட்சி இதோ என் இடது பக்கத்துல நிக்கறாங்க. ஆனா ஓட்டினது அந்தக் கண்ணு இல்ல, இவங்க கண்ணு. இவங்க எறங்கிட்டா அன்னையிலிருந்து இந்தக் கூற்று தப்பு."

ஓல்தஹோஃப் அண்ணியைப் பார்த்தார். "அப்ப இப்ப நீங்க கப்பல்லதான இருக்கீங்க?"

அண்ணி என் பக்கம் திரும்பினாள். துணை நிற்பவர் வாசிக்கலாமே தவிர பதில் சொல்லக் கூடாது. அந்த விதி எதற்கு என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்போதுதான் கோல்காரர் வந்து தட்டினார்.

பட்டம் கொடுத்துவிட்டார்கள். விருந்தில் பட்டாணி சூப்பு. அண்ணி என் தோளில் கையைப் போட்டு, "நல்லா சொன்ன, போ" என்றாள். அவள் அழுததை நான் பார்த்தேன், அவள் மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

புதன்கிழமை உனக்குச் சோதனை. நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு எதுவும் என் வாயில் வந்திருக்காது. அதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

ஃபெம்கே


லோபித், 17 மே

டாக்டர் அம்மா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் போய் ரொம்ப நாளாயிற்று. அதற்குப் பிறகு வந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் குரங்காட்டத்தை ஆடினேன். உன் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால். உனக்காக இல்லை, லுப்பர்ட்டிடம் நீ எவ்வளவு முட்டாள் என்று காட்டுவதற்காக. எம்மெரிக்கைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம், பொழுது சாய்ந்துவிட்டது. சிவப்பு தெரிந்தால் சொல்லுடா என்றேன். கொஞ்ச நேரத்தில் "செவப்பு" என்றான்.

நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எங்கடா?"

"அந்தா, நேரா. தூர்வார்ற கப்பல் நிக்குதுல்ல, அதுல."

அவன் புகையிலைப் பையை எடுத்தான். தாளை எடுத்தான், வைத்தான், சுற்றினான், ஓரத்தை நக்கினான். நெருப்புப் பெட்டியைத் தேடினான், வழக்கம்போல அது இன்னொரு பையில் இருந்தது. பற்றவைத்தான். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் பாதி புகைத்து முடித்த பிறகுதான் எனக்கு அந்த இடத்தில் பழுப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தது. ராடாரில் கப்பல் இருந்தது. எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை அந்தச் சிவப்பு விளக்குதான் சொல்லும், ராடார் சொல்லாது. நான் மூடியிருந்த பக்கமாகவே போய்க்கொண்டிருந்தேன், ஃபெம்கே. சுக்கானைத் திருப்பினேன். அவர்கள் நங்கூரக் கயிறு எங்கள் அடியில் உரசுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு கிட்டே. அந்தக் கப்பலின் ஜன்னலுக்குள் நாலு பேர் மேஜையைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ரொட்டியை வாயருகே வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

லுப்பர்ட் சிகரெட்டை முடித்தான்.

கோட்டு வாடகைக்கு எடுத்துவைத்துத்தான் இருந்தேன். கிளம்பியும் விட்டேன். லோபித்தில் ரென்ஸ்கேயிடம் நடந்ததைச் சொன்னபோதுதான் ஒன்று தோன்றியது. நான் வந்து உன் இடது பக்கத்தில் நின்றால், என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ அந்தக் கூற்றை எனக்காகக் காப்பாற்றிவிடுவாய். நீ அழுத்தக்காரிதான், ஆனால் நான் பக்கத்தில் நின்றால் உனக்கு முடியாது. எனக்கு இப்போது நீ அதைக் காப்பாற்றக் கூடாது. அதனால் கோட்டை ரென்ஸ்கேக்கு மாட்டி அனுப்பினேன். ஒன்றும் சொல்லாதே என்று நான்தான் சொன்னேன். நீ பேசியதை அவள் வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

சோதனைக்குப் போகவில்லை. புதன்கிழமை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் உரிமத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். "சோதன இன்னும் நடக்கவேயில்லயே" என்றார் அங்கே இருந்தவர். நடந்துவிட்டது என்றேன்.

கரண்டிகளுக்கு அடியில் இருந்ததை எடுத்துத் துடைத்தோம். மே முதல் வாரத்திலிருந்து "கிரீத்யே"வை ஓட்டுவது ரென்ஸ்கே. சரக்குக் கூடத்தில் முறை கேட்டு முதல் நாள் அவள் கையைத் தூக்கியபோது கெரிட் ஏதோ ஆரம்பித்தானாம். "ஒன் சட்டை பச்ச. பட்டன் ரெண்டு போயிருச்சு. வேற எதாவது கேக்கணுமா?" என்றாளாம். லுப்பர்ட் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

நான் இங்கே மாடியில். காலையில் நின்கேவுக்குச் சடை பின்னுகிறேன், கோணலாக வருகிறது, கயிறு முடிவதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் நடுவில் நிற்கிறேன். உருளைக்கிழங்கு வேகவைக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆறு கண் முன்னாலேயே போகிறது, என்னை விட்டுவிட்டுப் போகிறது. சில நாள் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

மெழுகுக் கட்டையை எறிந்துவிடாதே. பள்ளிக்கு லீவு விட்டதும் வருகிறேன். இனி எனக்கு நேரம் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் ரென்ஸ்கே டூயிஸ்பர்க்கிலிருந்து திரும்பினாள். கப்பல் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே எஞ்சின் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நின்கே ஜன்னல் கட்டையில் ஏறி நின்றாள். "அப்பா, செவப்பு தெரியுது" என்றாள். நான் அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். இருட்டு. அவள் துண்டை ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் தெரிந்தது.

ஹார்மன்